நெல்லைச் சீமையில் ஒரு தொடர் கொலைக் கதை: பழங்கதை, தாழி, கொடை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வரலாறும் நாட்டார் கதையும் கலந்த தொடர் கொலைத் திரில்லர்களை விரும்பிப் படிக்கிறவர்களும், அப்படி ஒன்றை நம்ம ஊர்ப் பின்னணியில் எழுதிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். நெல்லைச் சீமை என்று நான் சொல்வது இன்றைய திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மூன்று மாவட்டங்களையும் சேர்த்துத்தான். தூத்துக்குடி 1986-இல் பிரிந்தது, தென்காசி 2019-இல் பிரிந்தது. ஆனால் சாமியும் கதையும் ஆறும் இன்னும் பிரியவில்லை.

தொடர் கொலை என்று எதைச் சொல்வது? எத்தனை பேர் செத்தால் கணக்கு?

முன்பெல்லாம் மூன்று கொலையாவது வேண்டும் என்பார்கள். 2005-இல் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. கூட்டிய கருத்தரங்கில், ஒரே ஆள் வெவ்வேறு சமயங்களில் இரண்டு பேரைக் கொன்றிருந்தாலே போதும் என்று வரையறையைத் தளர்த்தினார்கள். எண்ணிக்கையைவிட முக்கியம் இடைவெளி. கொன்றுவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, மறுநாள் வேலைக்குப் போய், பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் பந்தி பரிமாறி, அப்புறம் ஒருநாள் மறுபடியும் கொல்கிறவனைத்தான் அப்படிச் சொல்கிறோம். ஒரே ராத்திரியில் ஒரே வீட்டில் ஏழு பேரை வெட்டுகிறவன் வேறு வகை.

நம்ம பக்கம் இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். இங்கே செய்தித்தாளில் வரும் கொலைச் சங்கிலிகள் பெரும்பாலும் பழிக்குப் பழி. யார் யாரை எதற்காக வெட்டினார்கள் என்பது டீக்கடையில் உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும் தெரியும், அடுத்து யார் என்பதுகூடத் தெரியும். தொடர் கொலைக் கதையில் தெரியாமல் இருப்பதே அந்த ‘எதற்காக’ தான். என்னிடம் வாசிக்கத் தந்த பல கதைகள் முதலாவதில் தொடங்கி இரண்டாவதில் முடிந்து, இரண்டுக்கும் நியாயம் செய்யாமல் போயின.

இதில் பழைய வரலாறு எதற்கு? கொலையும் போலீசும் போதாதா?

போதும், நிறையப் பேர் அப்படியே நன்றாக எழுதுகிறார்கள். ஆனால் கொலைகாரன் ஒரு ஒழுங்கைப் பின்பற்றுகிறான் என்றால் அந்த ஒழுங்கு அவன் மண்டைக்குள் எங்கிருந்தோ வந்திருக்க வேண்டும். அது அவனுக்கு மட்டும் தெரிந்த ஒன்றாக இருந்தால் வாசகர் கடைசி அத்தியாயம் வரை கை கட்டி உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதையாக இருந்தால் வாசகரும் சேர்ந்து துப்புத் துலக்கலாம், இரண்டாவது பிணத்தைப் பார்த்ததும் ‘இது அந்தக் கதை போல இருக்கே’ என்று நிமிர்ந்து உட்காரலாம். பழங்கதையைக் கொண்டு வருவதில் நான் காணும் முதல் லாபம் இதுதான். கதைக்கு ஒரு ஆழமும் கிடைக்கும்தான், ஆனால் அது தானாக வர வேண்டியது.

நெல்லைச் சீமையில் அப்படி என்ன இருக்கிறது?

கொற்கையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அங்கே இருப்பதை இதுவரை யாரும் முழுசாக எடுத்து எழுதியதாக எனக்குத் தோன்றவில்லை.

சிலப்பதிகாரம் என்றால் நமக்கு மதுரை எரிந்ததோடு முடிந்துவிடுகிறது. அதன் முன்னால் வரும் உரைபெறு கட்டுரையைப் படித்துப் பாருங்கள். நெடுஞ்செழியன் செத்த பிறகு பாண்டிய நாட்டில் மழை இல்லை, வறுமை, வெப்பு நோய், அம்மை. அப்போது கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன், ‘நங்கைக்குப் பொற்கொல்லர் ஆயிரவரைக் கொன்று களவேள்வியால் விழவொடு சாந்தி’ செய்கிறான், அந்த நங்கை கண்ணகிதான். மழை பெய்கிறது, நோய் நீங்குகிறது. அவ்வளவுதான், அடுத்த வரியில் கொங்கு நாட்டுக்குப் போய்விடுகிறது. ஒரு பொற்கொல்லன் செய்த வஞ்சகத்துக்கு ஆயிரம் பொற்கொல்லர்கள், அதுவும் திருவிழாவோடு! அந்த ஆயிரம் பேரில் ஒருவருக்குக்கூடப் பெயர் கிடையாது. இது நடந்த வரலாறா, காப்பியம் சொல்லும் மரபா என்பது வேறு வாதம். ஆனால் கொற்கைக்குப் பக்கத்திலேயே அக்கசாலை என்று ஓர் ஊர் இன்றும் இருக்கிறது, பொன் வேலையும் நாணய வேலையும் நடந்த பட்டறைக்கு அதுதான் பழைய பெயர். கொற்கையில் வெற்றிவேல் செழிய நங்கை என்று அம்மன் கோயிலும் இருக்கிறது. கடல் மட்டும் இல்லை. ஆறு கொண்டுவந்து போட்ட வண்டலில் துறைமுகம் தூர்ந்து, ஊர் கடலிலிருந்து சில மைல் உள்ளே தள்ளி, வாழையும் நெல்லுமாகக் கிடக்கிறது.

இதோடு இன்னொன்று. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்ற கடல்வழிக் குறிப்பு கொற்கை முத்துக்குளிப்பைப் பற்றிச் சொல்லும்போது, அங்கே முத்தெடுக்க இறக்கப்பட்டவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்கிறது. மூச்சடக்கி ஆழத்துக்குப் போகிறவன் மேலே வராவிட்டாலும் கேட்க நாதியில்லை. ஆயிரம் பொற்கொல்லர், கணக்கில் வராத குளியாட்கள். ஒரே ஊரில் இரண்டு பெயரில்லாத கூட்டம். ஒரு கொலைகாரன் இந்த இரண்டில் ஒன்றை மண்டையில் ஏற்றிக்கொண்டு கிளம்பினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

கொற்கையை விட்டால் கழுகுமலை. வெட்டுவான் கோயிலை எட்டாம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் ஒரே பாறையில் மேலிருந்து கீழாகச் செதுக்கியிருக்கிறார்கள். விமானம் முடிந்துவிட்டது, கீழே முடியாமல் நிற்கிறது. ஏன் முடியவில்லை என்பதற்கு ஊர் சொல்லும் காரணம் கொலை: அப்பா சிற்பி, தன்னைவிட மகனுக்குப் பேர் கிடைக்கிறதே என்று பொறாமைப்பட்டு மகனைக் கொன்றுவிட்டார். முடியாமல் நிற்கிற ஒரு வேலைக்கு ஒரு கொலையைக் காரணமாகச் சொல்கிற ஊர் என்பதே ஒரு திரில்லரின் முதல் அத்தியாயம்.

மருதநாயகம் என்கிற யூசுப் கானை 1764-இல் மதுரையில் தூக்கிலிட்டு, உடலைத் துண்டாக்கி ஊர் ஊராக அனுப்பிப் புதைத்தார்கள், கைகள் பாளையங்கோட்டைக்கு வந்தன என்று சொல்லுவார்கள். தூக்குக் கயிறு முதலில் அறுந்து அறுந்து போனது என்ற கதையும் உண்டு. இதை வைத்து எழுத நிறையப் பேர் வருகிறார்கள், எனக்கு இதில் அவ்வளவு ஆர்வம் இல்லை. உடல் உறுப்பை ஊர் ஊராகத் தேடுகிற கதை சீக்கிரம் புதையல் வேட்டையாகிவிடுகிறது.

ஆதிச்சநல்லூர் தாழிக்குள் வயசானவர்களை உயிரோடு வைத்துப் புதைத்தார்களா? அதைக் கதையில் வைக்கலாமா?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. வயதாகி உடம்பு சுருங்கிப்போன தாத்தா பாட்டியை ஒரு விளக்கும் கொஞ்சம் சாப்பாடும் வைத்துத் தாழி என்கிற பெரிய மண்பானைக்குள் இறக்கிவிடுவார்கள் என்று எங்கள் பக்கத்துப் பாட்டிமார்களே சொல்லுவார்கள். அகழாய்வு அப்படிச் சொல்லவில்லை. தாழிகளில் பெரும்பாலும் கிடைப்பது எங்கோ கிடத்தி, சதை போன பிறகு பொறுக்கி எடுத்து வைத்த எலும்புகள். குழந்தைகளுடையதும் இருக்கிறது.

ஆதிச்சநல்லூர் சின்ன இடம் இல்லை, சுமார் 114 ஏக்கர் பறம்பு மேடு. 1876-இல் பெர்லினிலிருந்து வந்த யாகோர் தோண்டினார், எடுத்ததைக் கப்பலேற்றினார். 1899-லிருந்து அலெக்சாண்டர் ரீ தோண்டினார், அவர் எடுத்த வெண்கலப் பாத்திரங்களும் பொன் நெற்றிப்பட்டங்களும் சென்னை எழும்பூரில் இருக்கின்றன. 2004-இல் மத்தியத் தொல்லியல் துறை மறுபடி தோண்டியபோது 150-க்கு மேல் தாழிகள் வந்தன. தாழியில் அடங்கியவர்கள் கைவிடப்பட்டவர்கள் இல்லை, நெற்றியில் பொன் கட்டி வழியனுப்பப்பட்டவர்களும் அதில் உண்டு. புறநானூற்றில் ஒரு பெண் குயவனிடம் கேட்கிறாள்: வண்டியின் ஆரக்காலில் ஒட்டிக்கொண்ட சின்ன வெள்ளைப் பல்லி போல இவரோடு இவ்வளவு தூரம் வந்துவிட்டேன், எனக்கும் சேர்த்துத் தாழியை அகலமாக வனைந்து கொடு என்று. உயிரோடு புதைத்த ஊரில் இந்தப் பாட்டு எப்படிப் பிறந்திருக்கும்?

சரி, கதையில் வைக்கலாமா என்றால் தாராளமாக வைக்கலாம். கொலைகாரன் அந்தப் பாட்டிக் கதையை நம்பட்டும். தனியாக இருக்கிற முதியவர்களை ‘விடுதலை செய்கிறேன்’ என்று அவன் நினைத்துக்கொள்ளட்டும். பிள்ளைகள் வெளிநாட்டிலும் சென்னையிலும் இருக்க, பெரிய வீட்டில் ஒற்றை ஆளாக இருக்கிற அம்மா அப்பாக்கள் இன்றைக்கு நம்ம கிராமங்களில் எத்தனை பேர்! பழங்கதை இன்றைய பயத்தைத் தொடுகிற இடம் அது. ஆனால் கதைக்குள் யாராவது ஒருவர், ஒரு தொல்லியல் மாணவியோ ஓய்வுபெற்ற தமிழாசிரியரோ, அது உண்மையில்லை என்று சொல்லியாக வேண்டும். அவன் நம்பிக்கை தப்பு என்பதே அவனைப் பிடிக்கிற வழியாகவும் இருக்கலாம்: அவன் ஆட்களை முழுசாக உட்கார வைக்கிறான், பழையவர்கள் எலும்பை அடுக்கி வைத்தார்கள், எனவே இவன் புத்தகம் படித்தவன் இல்லை, கதை கேட்டு வளர்ந்தவன்.

மணிமேகலையில் சவத்தை அடக்கும் ஐந்து முறை வருகிறதாமே, அதை வைத்து ஐந்து கொலை?

வருகிறது: சுடுவோர், இடுவோர், தொடுகுழிப் படுப்போர், தாழ்வயின் அடைப்போர், தாழியிற் கவிப்போர். அதாவது எரிப்பது, அப்படியே போட்டுவிடுவது, தோண்டிய குழியில் புதைப்பது, தாழ்ந்த இடத்தில் அடைப்பது, தாழியால் கவிப்பது. ஐந்து கொலைக்கு அருமையான சட்டகம், இதை யார் கேட்டாலும் எனக்குச் சந்தோஷம்தான். ஒன்றை மறக்க வேண்டாம், இது துக்கத்தின் பட்டியல். ஐந்துமே இறந்தவருக்குச் செய்கிற மரியாதை. கொலைகாரன் கொன்ற பிறகு மரியாதை செய்கிறான் என்றால் அவனுக்கும் செத்தவருக்கும் என்ன உறவு என்ற கேள்வி வரும், அதற்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும்.

புது எலும்பைப் பழைய தாழிக்குள் ஒளித்தால் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், அதுவும் சுவாரசியமான வழியில். 1950-களிலும் 60-களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கரிமம்-14 ஏறக்குறைய இரண்டு மடங்கானது. அதற்குப் பிறகு வாழ்ந்தவர்களின் பல்லிலும் எலும்பிலும் அந்தச் சுவடு இருக்கும். ஆக, மூவாயிரம் வருஷத்து எலும்புக் குவியலுக்குள் நேற்றைய எலும்பு ஒன்று கிடந்தால் ஆய்வகம் பிரித்துச் சொல்லிவிடும். ஆள் யார் என்பதற்கு மரபணு இருக்கிறது, மண்டை ஓட்டைப் புகைப்படத்தோடு பொருத்திப் பார்க்கிற சோதனையும் இருக்கிறது.

ஆனால் ராத்திரி மாதிரி கொடுத்து விடிகாலையில் ‘சார், இது கி.மு. 1155’ என்று போன் வராது. வாரக்கணக்கில் ஆகும், வருகிற விடையும் இத்தனை வருஷம் முன்பின் என்றுதான் வரும். தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளைத் தாழியில் கிடைத்த உமிக்குத்தான் அந்தக் கி.மு. 1155 கிடைத்தது. அங்கே கிடைத்த இரும்புக்கு கி.மு. 3345 வரை போகிறது என்று 2025 ஜனவரியில் தமிழ்நாடு தொல்லியல் துறை அறிக்கை வெளியிட்டது, அந்த மாதிரிகள் அமெரிக்காவுக்கும் லக்னோவுக்கும் அகமதாபாதுக்கும் போய் வந்தவை. காத்திருக்கிற அந்த நாட்களைக் கதையில் வீணாக்காதீர்கள். இன்ஸ்பெக்டர் கையில் ஒன்றும் இல்லாமல் இருக்கிற அந்த மூன்று வாரத்தில் அடுத்த கொலை நடக்கலாமே.

கொலைகாரன் பழைய எழுத்தில் ஏதாவது எழுதிவிட்டுப் போகிறான். எந்த எழுத்து?

காலத்தைப் பொறுத்தது. சங்க காலம் என்றால் தமிழி, அதாவது தமிழ் பிராமி. அதற்கு மதுரைப் பக்கம் போக வேண்டாம், சீவலப்பேரிக்கு அருகில் மறுகால்தலைக் குகையிலேயே இருக்கிறது, வெண்காசிபன் கொடுப்பித்த கல் படுக்கை பற்றிய ஒரே வரி. பாண்டியர் காலம் என்றால் வட்டெழுத்து, நம்ம பக்கம் அது சோழர்கள் வந்து தங்கள் எழுத்தைப் பரப்பும்வரை கோலோச்சியது. ‘பாண்டியர் காலத்துச் சாபம்’ என்று சொல்லிவிட்டுத் தமிழியில் எழுதி வைத்தால் கல்வெட்டு தெரிந்த ஒரு வாசகர் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவார். அப்புறம், ஒரே ஒரு வரி எழுதினால் போதும். கல்லில் எழுதினவர்கள் யாரும் வளவளவென்று எழுதவில்லை.

சுடலைமாடனையும் இசக்கியையும் வில்லனாகக் காட்டலாமா? நரபலி வைக்கலாமா?

இதற்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தீப்பந்தத்தோடு சுடுகாட்டுக்கு வேட்டைக்குப் போகிற கோமரத்தாடி, அதாவது சாமியாடி, பயங்கரமாகத்தான் தெரிவார். உடனே ‘இதுதான் நம்ம கொலைகாரன்’ என்று எழுதத் தோன்றும். நூறு கதையில் தொண்ணூறு இங்கேதான் விழுகிறது. ஆனால் இந்தச் சாமிகளில் எத்தனையோ பேர் யார் என்று பாருங்கள். கொலை செய்யப்பட்டவர்கள். அநியாயமாக வெட்டுப்பட்டவர்கள், கர்ப்பத்தோடு செத்தவர்கள், காதலித்ததற்காகக் கொல்லப்பட்டவர்கள். செத்தபின் ஊர் அவர்களை மறக்க முடியாமல் பூடம் என்கிற பீடம் எழுப்பி, வருஷம் தவறாமல் கொடை என்கிற கோயில் திருவிழா கொடுக்கிறது. வெட்டினவன் பெயர் கதையில் வருகிறது, கோயில் என்னவோ வெட்டுப்பட்டவருக்கு. சுடலை அப்படிச் செத்துப் பிறந்த சாமி இல்லை, அவர் சிவன் பிள்ளை என்றுதான் பாடுவார்கள், அவர் கதையில் அவர் செய்கிற கொடுமையும் உண்டு. எனவே எல்லாம் ஒன்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெரும்பான்மை அப்படித்தான்.

இசக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவனை நம்பி வந்த பெண், அவன் மடியில் தலை வைத்துத் தூங்கும்போது நகைக்காகக் கல்லைப் போட்டுக் கொல்கிறான், பக்கத்தில் நின்ற கள்ளிச்செடிதான் சாட்சி. அடுத்த பிறவியில் அந்தக் கள்ளிக் கொப்பையே பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அவன் பின்னால் வருகிறாள், ‘இவர் என் புருஷன், இது எங்கள் பிள்ளை’ என்று ஊர்ப் பெரியவர்கள் முன்னால் வழக்காடி ஜெயிக்கிறாள். அந்தப் பிள்ளை அவன் மடிக்குத் தாவுகிறது, பெரியவர்கள் நம்பிவிடுகிறார்கள்! பொய்ச் சாட்சி, போலி ஆதாரம், உயிரைப் பிணை வைத்த எழுபது பெரியவர்கள், பூட்டிய அறைக்குள் அவள் அவனைக் கொல்வது. வடக்கே பழையனூர் நீலி என்று சொல்லும் அதே கதை தெற்கே வில்லுப்பாட்டில் இசக்கியாகப் பாடப்படுகிறது. இதைவிடக் கச்சிதமான திரில்லர் கட்டமைப்பை யாரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பிள்ளை வரம் கேட்டு அதே இசக்கிக்கு மண்பிள்ளை வைத்துக் கும்பிடுகிறார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அவளைப் பேய் என்று மட்டும் எழுதினால் பாதியைத்தான் எழுதியதாகும்.

நரபலி பற்றி: கொடையில் நடக்காததை நடக்கிறது என்று எழுதாதீர்கள். கொடையில் நடக்கும் கணியான் கூத்தில் கணியான் தன் கையையோ நாக்கையோ கீறிச் சில சொட்டு ரத்தம் கொடுக்கிற சடங்கு உண்டு, அவர் கொடுப்பது தன் ரத்தம். உங்கள் கொலைகாரனை அந்தச் சடங்கைப் பார்த்து வளர்ந்து அதைத் தப்பாகப் புரிந்துகொண்ட ஒருத்தனாக வையுங்கள், ஊரே அவனுக்கு எதிராக நிற்கட்டும்.

வில்லுப்பாட்டைக் கதைக்குள் எப்படிக் கொண்டு வருவது?

அலங்காரத்துக்காகக் கொண்டு வராதீர்கள். ஒரு கொடையில் விடிய விடிய உட்கார்ந்து பாருங்கள். வில்லடிக்கிற அண்ணாவி பிறப்பைப் பாடும்போது கூட்டம் பேசிக்கொண்டுதான் இருக்கும், பிள்ளைகள் ஐஸ் வாங்க ஓடும். நேரம் ஏற ஏறக் கதை சாவை நெருங்கும். அந்த இடம் வரும்போது அண்ணாவி வில்லை அடிக்கும் வீசுகோலை மெதுவாக்கிக் கோயில் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார். படப்பு (படையல்) தயாரா, கோமரத்தாடி குளித்து வந்தாச்சா என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். தயாரானதும் குடத்தில் அடி வேகமாகும், வெட்டு விழுகிற வரியைப் பாடவும் அங்கே கோமரத்தாடிக்கு ஆராசனை, அதாவது அருள், வரவும் சரியாக இருக்கும். கொல்லப்பட்டவர் கொல்லப்பட்ட நொடியில் திரும்பி வருகிறார். பெண்கள் குலவையிடுவார்கள், வயசான சிலர் அழுவார்கள், இருநூறு வருஷத்துக்கு முன்னால் செத்த ஒருத்தருக்காக!

அந்த நொடியில் கூட்டத்துக்குப் பின்னால் ஒரு கொலைகாரன் நின்றால்? தான் கொன்றவர்களுக்கும் ஒருநாள் இப்படிப் பாட்டு வரும் என்று அவனுக்கு உறைத்தால்? நான் எழுதினால் இதைத்தான் நடுப்பகுதியாக வைப்பேன். அண்ணாவியை விசாரணையில் ஒரு ஆளாகவும் வைக்கலாம். எந்த ஊரில் யார் எப்படிச் செத்து எந்தப் பூடத்தில் இருக்கிறார் என்று அவரைவிட விவரமாக எந்தக் காவல் நிலையப் பதிவேடும் சொல்லாது. நாங்குநேரிக்காரரான நா. வானமாமலை இந்தக் கதைப்பாடல்களைத் தேடித் தொகுத்துப் பதிப்பித்து வைக்காமல் போயிருந்தால் இவற்றில் பாதி இன்று நம் கையில் இருந்திருக்காது. முத்துப்பட்டன் கதையை அவர் பதிப்பில் படித்துவிட்டு எழுத உட்காருங்கள்.

முத்துப்பட்டன் கதையில் திரில்லருக்கு என்ன இருக்கிறது?

செருப்பு இருக்கிறது. பிராமணனாகப் பிறந்த பட்டன், செருப்புத் தைக்கிற வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்காவைக் கட்ட வேண்டும் என்று பூணூலை அறுத்துச் செருப்புத் தைக்கக் கற்றுக்கொள்கிறான். மாடு திருட வந்தவர்களால் கொல்லப்படுகிறான், பெண்கள் தீயில் இறங்குகிறார்கள். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் அவன் சந்நிதியில் இன்றும் தோல் செருப்புகளை நேர்ந்து வாங்கிக் கட்டித் தொங்க விடுகிறார்கள். அடுத்த வருஷம் போய்ப் பார்த்தால் அந்தச் செருப்பு தேய்ந்திருக்கும், அடியில் மண் ஒட்டியிருக்கும், பட்டன் போட்டுக்கொண்டு காட்டில் நடக்கிறான் என்பது நம்பிக்கை. தேய்ந்த செருப்பு என்பது துப்பறிகிறவனுக்கு எவ்வளவு பெரிய சொத்து! எந்தக் கால் சாய்ந்து நடக்கிறது, எந்த மண், எந்த அளவு. அங்கே தொங்குகிற நூறு ஜோடியில் ஒரு ஜோடி மட்டும் நிஜமாகவே ஒருத்தன் போட்டு நடந்தது என்றால் கதை கிளம்பிவிடும்.

ஒரு எச்சரிக்கை: அது புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் கோயில். பாபநாசம் வனச் சோதனைச் சாவடியைத் தாண்டாமல் வண்டி போகாது. உங்கள் கொலைகாரன் நினைத்த நேரத்தில் காரில் ஏறிப் போய்விட முடியாது. ஆடி அமாவாசைக்கு லட்சம் பேர் குடில் போட்டுத் தங்கும்போது போகலாம், அப்போது யாரையும் யாருக்கும் தெரியாது.

எந்தப் போலீஸ் விசாரிக்கும்?

இதில் பலர் சறுக்குகிறார்கள். ஆதிச்சநல்லூர், கொற்கை, கழுகுமலை எல்லாம் தூத்துக்குடி எஸ்.பி.யின் கீழ். காரையாறு திருநெல்வேலி மாவட்டம், குற்றாலம் தென்காசி மாவட்டம். பாளையங்கோட்டையும் டவுனும் மாநகரக் கமிஷனரின் கீழ். மூன்று எஸ்.பி., ஒரு கமிஷனர். ஆக, ஆதிச்சநல்லூரில் ஒன்று, காரையாற்றில் ஒன்று, குற்றாலத்தில் ஒன்று என்று பிணம் விழுந்தால் இது ஒரே ஆள் வேலை என்று யாருக்கும் சீக்கிரம் தோன்றாது. ஒவ்வொன்றும் அந்தந்த நிலையத்தில் சந்தேக மரணமாகத் தனித்தனிக் கோப்பில் தூங்கும். கொலைகாரனின் புத்திசாலித்தனத்தால் அல்ல, எல்லைக்கோட்டால் அவன் தப்பிக்கிறான். இணைத்துப் பார்க்கிற முதல் ஆள் மருத்துவக் கல்லூரிப் பிணவறையில் வேலை பார்க்கிறவராக இருந்தால் நம்பும்படி இருக்கும், ஏனென்றால் பல ஊர்ப் பிணமும் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் இருக்கும் அந்த ஆஸ்பத்திரிக்கு வரும்.

2024 ஜூலை 1-க்குப் பிறகு நடக்கும் கதை என்றால் கொலைக்கு 302 என்று எழுதாதீர்கள், பாரதிய நியாய சன்ஹிதா 103. சந்தேக மரணத்துக்குப் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174 போய், இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 194.

சாதியைத் தொடாமல் எழுத முடியுமா?

முடியாது, தொடாமல் எழுதினால் அது இந்த ஊர் இல்லை. ஆனால் கொலைகாரனின் சாதிதான் அவன் கொலைக்குக் காரணம் என்று ஒரு வரிகூட இருக்கக் கூடாது. பொற்கொல்லர் ஆயிரவர் கதையை எடுக்கிறவர்களுக்கு இதை அழுத்திச் சொல்வேன், அந்தத் தொழில் செய்கிற குடும்பங்கள் இன்றும் நம்ம தெருக்களில் இருக்கின்றன. அவர்களில் ஒருவரைத் துப்பறிகிறவராக வையுங்கள். தங்கத்தை உரசிப் பார்த்தே மாற்றுச் சொல்லுகிற கண் துப்பறிய உதவாதா?

நிஜமாக நடந்த வழக்கை எடுத்து எழுதலாமா?

வழக்கின் நடைமுறையை எடுங்கள், ஆட்களை எடுக்காதீர்கள். செத்தவரின் அம்மா அந்தப் புத்தகத்தைப் படிக்க நேரலாம்.

ரத்தத்தை எவ்வளவு விவரிப்பது?

வில்லுப்பாட்டில் வெட்டு ஒரு வரி, அழுகை ஐம்பது வரி. எனக்கு அந்தக் கணக்கு பிடித்திருக்கிறது.

பேச்சு முழுவதும் நெல்லை வழக்கில் இருக்க வேண்டுமா?

உரையாடலில் இருக்கட்டும், அளவாக. வரிக்கு ஒரு ‘ஏலே’ போட்டால் நெல்லை வந்துவிடாது. யார் யாரை அண்ணாச்சி என்கிறார், யார் யாரை ‘வே’ என்கிறார், இன்ஸ்பெக்டர் முன்னால் எந்தச் சொல் மாறுகிறது என்பதில்தான் ஊர் தெரியும். விசாரணைக் காட்சிக்கு இது பெரிய உதவி. இவ்வளவு நேரம் ‘சார்’ என்றவர் திடீரென்று ‘அண்ணாச்சி’ என்று இறங்கினால் ஏதோ உடைந்துவிட்டது என்று அர்த்தம்.

நேரில் போய்ப் பார்க்க எங்கே தொடங்குவது?

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் பஸ் ஏறுங்கள், செய்துங்கநல்லூர் தாண்டி ஆதிச்சநல்லூர், சுமார் 24 கிலோமீட்டர். சாலையிலிருந்தே பறம்பு தெரியும். வெயிலுக்கு முன் போங்கள். கீழே கிடக்கிற ஓட்டுச் சில்லு எதையும் பொறுக்கி எடுக்காதீர்கள், பாதுகாக்கப்பட்ட இடம் அது. அப்படியே ஏரல் வழியாகக் கொற்கைக்குப் போய்ச் செழிய நங்கை கோயிலையும் குளத்தையும் பார்த்துவிட்டு, அக்கசாலையையும் ஒரு எட்டு எட்டிப் பாருங்கள். ஒரு நாள் தாராளம். காரையாறுக்கு இன்னொரு நாள் ஒதுக்குங்கள். கொடை பார்க்க வேண்டுமென்றால் சித்திரை, வைகாசி, ஆடி மாதங்களில் எந்த ஊர்க்காரரையாவது கேட்டுக்கொண்டு போங்கள். நள்ளிரவில் நடக்கும் சாமக்கொடை முடிகிறவரை இருந்துவிட்டு வாருங்கள், போனை மட்டும் பைக்குள்ளேயே வைத்திருங்கள்.